எம்மாவும் இளஞ்சிவப்பு ரயிலும்

கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக் கலைஞர் தன் வீட்டு நிலவறை முழுக்க ஒரு ரயில்வேயைக் கட்டினார். நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு அளவு. மலைகள், ஆழமான பள்ளத்தாக்குகள், உயர்ந்த பாலங்கள், அழுக்கேறிய சிற்றூர்கள். மாதிரி ரயில் கட்டுபவர்கள் இன்றும் வியந்து பேசும் படைப்பு அது. ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்று பெயர். எழுத்தில் பார்த்தால் ஏதோ இரண்டு ஊர்ப்பெயர்கள் போலிருக்கும். உச்சரித்தால் ‘ரத்தக்களரியாகித் தோற்றது’ என்று காதில் விழும். அந்த ரயில்வேயில் பெட்டிகளைத் தள்ளிக் கோக்கும் ஷண்டிங் வேலைக்கு 13ஆம் எண் கொண்ட ஓர் ‘என்ஜின்’ இருந்தது. உண்மையில் அது என்ஜின் அல்ல. முதுகில் தட்டுத்தட்டாகச் செதில்கள் நிற்கும் ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசர். அதன் பெயர் எம்மா.

அதே நாட்டில் 1957இல் லயனல் நிறுவனம் பெண்குழந்தைகளுக்கென்றே ஒரு ரயிலை விற்பனைக்கு விட்டது. என்ஜின் இளஞ்சிவப்பு. பின்னால் வரும் சரக்குப் பெட்டிகளுக்கும் மென்மையான வெளிர்நிறங்கள். அது படுதோல்வி அடைந்தது. விற்காமல் தேங்கியவற்றுக்குக் கறுப்புச் சாயம் அடித்துத் தள்ளிவிட்ட கடைக்காரர்களைப் பற்றியும் கதைகள் உண்டு. இன்று அதே ரயில் சேகரிப்பாளர்களிடம் பெரும் விலைக்குப் போகிறது. விரும்பி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள்.

டைனோசர் ரயில் இழுத்தால் கொண்டாடிய உலகத்தில் இளஞ்சிவப்பு என்ஜின் ஏன் எடுபடவில்லை? பெண்களுக்கு ரயிலில் ஆர்வமில்லை என்பது ரொம்பவும் சுலபமான பதில். இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினாலே அந்தப் பதில் நிற்காமல் போய்விடும்.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859இல் தியோடர் மார்க்லின் பொம்மை வீட்டுக்கான சமையல் சாமான்களைத் தகரத்தில் செய்யத் தொடங்கினார். நம் ஊர்ச் சொல்லில் செப்புச் சாமான். அவற்றை எடுத்துக்கொண்டு தென் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஊர் ஊராகப் போய் விற்றவர் அவருடைய மனைவி கரோலின். ஒரு பெண் தனியாகப் பயணம் செய்து கடைக்காரர்களிடம் வியாபாரம் பேசுவது அரிதாக இருந்த காலம். 1866இல் கணவர் இறந்துபோனார். தொழிலை மூடிவிடாமல் இழுத்துப் பிடித்து மகன்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் கரோலின்தான். அந்த நிறுவனம்தான் 1891இல் லைப்ஸிக் சந்தையில், சாவி கொடுத்தால் தண்டவாளத்தில் ஓடும் ரயிலை ஒரு முழு அமைப்பாக வைத்தது. முதலில் ஒரு ரயில் வாங்கலாம். அடுத்த வருடம் கூடுதல் தண்டவாளம், அதற்கடுத்த வருடம் ஒரு நிலையம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். இது பொம்மை வீட்டின் தர்க்கம். சின்ன அடுப்பு வாங்கினால் சின்ன வாணலி வேண்டும், வாணலி வந்தால் கரண்டி வேண்டும். அந்தத் தர்க்கத்துக்குச் சக்கரம் பூட்டியதும் பொம்மை பையன்களின் அறைக்குப் போய்விட்டது. செப்பு மட்டும் பெண்ணிடம் தங்கியது.

பிரிட்டனில் இந்தப் பிரிவினை இன்னும் வெளிப்படையாக நடந்தது. ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோவும், 1920இல் வந்த ஹார்ன்பி ரயிலும் பையன்களை நோக்கியே பேசின. விளம்பரப் படங்களில் தந்தையும் மகனும் தரையில் குனிந்து ரயிலைப் பார்ப்பார்கள். ஆனால் லிவர்பூலின் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் அந்தப் பொம்மைகளைக் கோத்து, பூட்டி, பெட்டியில் அடுக்கிய வேலையில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். திருகாணி முடுக்கத் தெரிந்த பெண்ணின் கை தொழிற்சாலையில் கூலிக்கு வேண்டும். வீட்டுத் தரையில் அதே திருகாணி பையனின் அறிவு வளர்ச்சிக்கானது. அந்தத் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. 1990களில் ஹார்ன்பி ரயில்களின் தயாரிப்பு சீனாவுக்குப் போனது. குவாங்டாங் மாகாணத்தின் பொம்மைத் தொழிற்சாலைகளில் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களே பெருந்திரளாக உழைத்தார்கள் என்பது நன்கு பதிவான செய்தி. பெண்கள் ரயில் மாதிரிகளைத் தொடுவதில்லை என்று இனி யாராவது சொன்னால், தொடுகிறார்கள், விளையாடத்தான் நேரம் இல்லை என்று சொல்லலாம்.

விசித்திர என்ஜின்களின் கதை இங்கிருந்துதான் சுவாரசியமாகிறது. மாதிரி ரயில் உலகம் பொதுவாகக் கறாரானது. ஆணித்தலைகளின் எண்ணிக்கை, பச்சை நிறத்தின் சாயல், சக்கரத்தின் தடிமன் என எல்லாம் நிஜத்தோடு ஒத்துப்போக வேண்டும். இந்தக் கறாருக்கு எதிரான ஒரு சிரிப்பும் அந்த உலகத்துக்குள்ளேயே எப்போதும் இருந்திருக்கிறது. இரண்டு வெவ்வேறு கிட்களை வாங்கி, அறுத்து ஒட்டி, எந்த ரயில்வேயிலும் ஓடாத மூன்றாவது என்ஜினைச் செய்வார்கள். டிராமின் உடலில் கப்பலின் புகைபோக்கி. பேனா மூடியில் நீராவிக் குமிழ். இதற்கென்று ரசிகர்களும் பரிசுகளும் உண்டு.

இந்தச் சிரிப்பைப் பெரும்புகழுக்குக் கொண்டுபோனவர் ரோலண்ட் எமெட். ‘பஞ்ச்’ இதழில் அவர் வரைந்த தள்ளாடும் ரயில்கள் 1951இல் பிரிட்டன் திருவிழாவின்போது லண்டன் பாட்டர்சீ பூங்காவில் நிஜமாகவே ஓடின. மூன்று என்ஜின்கள். ஒன்று துடுப்புச் சக்கரக் கப்பல் போல, இன்னொன்று பறக்கும் பலூன் போல. மூன்றாவது, ஒல்லியான நெடும் புகைபோக்கி வைத்த நெல்லி. வெளியே பாட்டன் காலத்து நீராவி ரயிலின் வேஷம், உள்ளே டீசல். எமெட்டின் வியாபார விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர் மனைவி மேரி. கணவரின் கனவு மேகத்தில் மிதக்கலாம். ஒப்பந்தத்தையும் கணக்கையும் யாராவது தரையில் நின்று பார்க்கத்தானே வேண்டும்.

எம்மா, நெல்லி. இரண்டுமே பெண் பெயர்கள். தமிழில் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவோம். நமக்கு ரயில் ‘வந்தது’, என்ஜின் ‘நின்றது’. ஆங்கிலத்தில் ஓட்டுநர்கள் என்ஜினை ‘அவள்’ என்பார்கள். பிடிவாதக்காரி, தட்டிக்கொடுத்தால் நடப்பாள், சொன்னபடி கேட்கமாட்டாள், ஆனால் நம்முடையவள். ஓட்டுபவர் ஆணாக இருக்கும்வரை ஓட்டப்படுவது பெண்ணாக இருப்பது அந்த மொழிக்கு வசதியாக இருந்திருக்கிறது.

இதன் மறுபக்கத்தை வில்பர்ட் ஆட்ரியின் கதைகளில் பார்க்கலாம். தட்டம்மையில் படுத்திருந்த மகனுக்குச் சொன்ன ரயில் கதைகளைப் பதிப்பாளருக்கு அனுப்பும்படி வற்புறுத்தியவர் அவருடைய மனைவி மார்கரெட். மகனுக்காகத் துடைப்பக் கட்டையில் ஆட்ரி ஒரு என்ஜின் செய்துகொடுத்தார். அதுதான் தாமஸ். இந்தக் கதைகளில் என்ஜினுக்கு முகம் உண்டு, பேச்சு உண்டு, பொறாமையும் வீம்பும் உண்டு. அது கிடைத்த உடனே என்ஜின் ‘அவன்’ ஆகிவிடுகிறது. தாமஸ் இழுத்துப்போகும் பெட்டிகளான ஆனியும் கிளாராபெலும் ‘அவள்’கள். உடைமையாக இருந்தால் பெண், சொந்தப் புத்தி வந்தால் ஆண். 1961இல் டெய்சி என்ற பெண் ரயில்கார் வந்தபோது, பால் வண்டியை இழுக்க மாட்டேன் என்று சிணுங்கும் அலட்டல்காரியாகத்தான் வந்தாள். வேலையைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது கதைக்குக் கேலிப்பொருளானது. 2018இல் தொலைக்காட்சித் தொடரில் நியா, ரெபெக்கா என்று இரண்டு பெண் என்ஜின்களை முக்கியப் பாத்திரங்களாகச் சேர்த்தார்கள். அந்த வரிசையில் ‘அவள்’களுக்கு இவ்வளவு இடம் கிடைக்க 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆகவே விசித்திர என்ஜின் எல்லா விதிகளையும் மீறுகிறது என்பது முழு உண்மையல்ல. அளவை மீறும், இயற்பியலை மீறும், டைனோசருக்குக்கூட வண்டி இழுக்கும் வேலை கொடுக்கும். செய்கிற கை யாருடையது என்ற விதியை மட்டும் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும்.

இந்தக் கலையின் அடிப்படைத் திறமை என்ன என்று பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். கையில் கிடைத்ததை வேறொன்றாகப் பார்ப்பதுதான் அது. நம் வீடுகளில் இதைச் செய்யாத பெண் யார்? பழைய சேலை தொட்டிலாகும், தொட்டில் பிறகு கரித்துணியாகும். ஹார்லிக்ஸ் பாட்டில் மிளகாய்த்தூளுக்கு, உடைந்த வாளி துளசிக்கு. நாம் இதைச் ‘சிக்கனம்’ என்கிறோம். துடைப்பக் கட்டையை ஓர் ஆண் ரயிலாக்கினால் கற்பனை என்கிறோம். வேறுபாடு திறமையில் இல்லை. ஒன்று தேவைக்காகச் செய்யப்பட்டது, மற்றது எதற்கும் உதவாதது. உதவாத ஒன்றைச் செய்ய நேரம் வேண்டும். செய்து முடிக்கும்வரை யாரும் கலைக்காத இடம் வேண்டும்.

சின்ன உலகம் கட்டும் ஆசை நம் பெண்களிடம் இல்லாமல் இல்லை. நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா அமைப்பதைப் பாருங்கள். கேழ்வரகும் கடுகும் முளைக்கவைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், மணலில் பாதை, சில வீடுகளில் சுற்றிவரும் ஒரு பொம்மை ரயிலும். மாதிரி ரயில்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதும் நுட்பங்கள்தாம் இவை. ஆனால் கொலுவுக்குச் சாமியின் அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது. அது எல்லாச் சாதியாருக்கும் வாய்த்த வழக்கமும் இல்லை. அதிலும் ஒன்பது நாளுக்குச் சுண்டலும் விருந்தாளியும் சேர்ந்தே வரும். பத்தாம் நாள் பொம்மைகள் பரணுக்குப் போய்விடும். ஜான் ஆலனின் நிலவறை ஆண்டுக் கணக்கில் அப்படியே இருந்தது. அங்கே யாரும் போய், ‘இதை எடுத்து வை, விருந்தாளி வருகிறார்கள்’ என்று சொல்லவில்லை.

இப்போது இளஞ்சிவப்பு ரயிலை மறுபடி பார்க்கலாம். அதன் நிறத்தில் ஒரு குற்றமும் இல்லை. தன் என்ஜினுக்குத் தானே இளஞ்சிவப்பு அடிக்கும் சிறுமி எம்மாவைப் படைத்தவருக்குக் குறைந்தவள் அல்ல. கோளாறு, அந்த நிறத்தை அவளுக்காக ஒரு நிறுவனம் முன்கூட்டியே தீர்மானித்ததில் இருக்கிறது. எம்மா ஒருவர் தன் மனம்போன போக்கில் செய்துகொண்ட விளையாட்டு. இளஞ்சிவப்பு ரயில் வந்து இறங்கிய கட்டளை: நீ பெண், உனக்குப் பிடித்தது இது. விசித்திரம் என்பது செய்கிறவரின் உரிமை. அதைப் பெட்டியில் அடைத்துப் பரிசாகக் கொடுத்தால் சீருடையாகிவிடும். அண்ணனின் ரயில் கன்னங்கரேலென்று நிஜம் போல ஓடும்போது, தனக்கு மட்டும் மிட்டாய் நிறத்தில் ஒன்று எதற்கு என்று எந்தச் சிறுமிக்கும் தோன்றியிருக்கும். அந்த வணிகத் தோல்வியைப் பெண்களின் ஆர்வமின்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். சிறுமிகளின் ரசனைக்கும் சுயமரியாதைக்கும் சான்றாக அதை வாசிக்க எல்லாக் காரணமும் இருக்கிறது.

நிலைமை மெல்ல மாறுகிறது. விவியன் தாம்சன் மாதிரி ரயில்வேக் கட்டடங்கள் பற்றி எழுதிய நூல் 1970களின் பிரிட்டிஷ் மாதிரியாளர்களுக்குப் பழக்கமானது. 2018இல் சேனல் 5 தொலைக்காட்சி குழுக்களுக்கு வேடிக்கையான கருப்பொருள்களைக் கொடுத்து மாதிரி ரயில் போட்டி நடத்தியபோது, இரண்டு நடுவர்களில் ஒருவர் கேத்தி மில்லாட். வேகன் செய்யவும் நிலக்காட்சி அமைக்கவும் தெரிந்த, அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் மாதிரியாளர் அவர். விரல்விட்டு எண்ணும் பெயர்கள் என்பது உண்மை. எண்ண முடிகிறது என்பதுதான் சிக்கலும்.

ஓய்வு நேரத்தில் தையல் கற்கும், வடாம் பிழியும், கைவினைப் பொருள் செய்து விற்கும் பெண்ணை நம் சமூகம் மெச்சுகிறது. அந்த ஓய்விலும் ஒரு வருமானமோ குடும்பத்துக்கான பயனோ ஒளிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஒரு நடுவயதுப் பெண் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து, தீப்பெட்டியையும் பித்தளைக் கம்பியையும் சேர்த்து, எங்கும் போகாத ஒரு என்ஜினுக்குப் புகைபோக்கி வைத்துக்கொண்டிருந்தால் வீடு அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? அந்த மேசையை மறுநாளும் அப்படியே விட்டுவைக்குமா? சம உழைப்புக்குச் சம கூலி கேட்டோம், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உபயோகமில்லாமல் விளையாடுவதற்கான மதியங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.