சுங்கமும் முத்திரையும்: ஆசியான் உடன்பாடும் மலேசிய வாணிக விதிகளும்

ஜோகூர் பாருவின் புறநகராகிய தம்போய், ஒரு காட்டுப் பழத்தின் பெயரைத் தாங்கிய ஊர் என்பர். இன்று அப்பெயரைக் கேட்போர்க்குப் பழத்தைவிடத் தொழிற்பேட்டையே முதலில் நினைவுக்கு வரும். அங்குள்ள பட்டறையிலிருந்து புறப்படும் சரக்கு வண்டி தெற்கே சிறிது தொலைவு சென்று பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். வடக்கே நெடுஞ்சாலை வழியே ஓடினால் தாய்லாந்து எல்லை. அவ்வண்டியில் உள்ள பொருளுக்கு வரி உண்டா, இல்லையா, உண்டெனின் எவ்வளவு என்பதை உறுதி செய்வது யார்? புத்ராஜெயாவில் இருக்கும் அமைச்சரா, ஜக்கார்த்தாவில் இருக்கும் ஆசியான் செயலகமா?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. ஆசியான் ஆணையிடுகிறது, மலேசியா அடிபணிகிறது என்பது ஒரு சாரார் கூற்று. ஆசியான் என்பது தலைவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் மேடையேயன்றி வேறன்று என்பது மற்றொரு சாரார் கூற்று. இரண்டும் பாதி உண்மைகளே. வாணிக விதி எவ்வாறு பிறக்கிறது, எங்கே உயிர் பெறுகிறது, எங்கே தளர்கிறது என்பதைப் படிப்படியாக நோக்கினாலன்றி உண்மை விளங்காது.

ஆசியான் 1967 ஆகஸ்டு 8-ஆம் நாள் பாங்காக்கில் ஐந்து நாடுகளால் நிறுவப்பட்டது. மலேசியாவின் சுங்கச் சட்டமும் அதே 1967-ஆம் ஆண்டுச் சட்டமே. ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரண்டும் கால் நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் தத்தம் வழியிலேயே சென்றன. 1992 ஜனவரி 28-ஆம் நாள் சிங்கப்பூரில் கூடிய நான்காவது உச்சி மாநாட்டில் ஆசியான் தடையிலா வாணிகப் பகுதி அமைக்க உடன்பாடு கண்ட பின்னரே அவை ஒன்றையொன்று தொட்டன. உறுப்பு நாடுகள் தமக்குள் விதிக்கும் இறக்குமதி வரியை விழுக்காடு ஐந்துக்குள் கொண்டுவருதல் அன்றைய குறிக்கோள். 2009-இல் கையெழுத்தாகி 2010 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஆசியான் சரக்கு வாணிக உடன்பாடு அதனினும் ஒரு படி மேலே சென்றது. மலேசியா உள்ளிட்ட ஆறு மூத்த உறுப்பு நாடுகள் 2010 முதல் நாளிலிருந்தே தம் வரிப்பட்டியலின் மிகப் பெரும் பகுதியில் ஆசியான் பொருள்களுக்கு வரியே இல்லாமற் செய்திருந்தன.

இனி, சட்டத்தின் நடையைக் காண்க. மலேசிய அரசு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டுவிட்டால் அதனாலேயே அது நாட்டின் சட்டமாகிவிடுவதில்லை. சுங்கச் சட்டம் தரும் அதிகாரத்தைக் கொண்டு நிதியமைச்சர் ஆணை பிறப்பித்தல் வேண்டும். ஆசியான் நாடுகளிற் பிறந்த பொருள்களுக்கெனத் தனிச் சுங்கவரி ஆணை உண்டு. அந்த ஆணையில் ஒவ்வொரு பொருளும் ஓர் எண்ணால் குறிக்கப்படும். அவ்வெண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிரஸ்ஸெல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு வகுத்தவை. அடுத்த இரண்டும் ஆசியான் நாடுகள் பொதுவாக வகுத்துக்கொண்டவை. அவ்வெண்ணுக்கு எதிரே நிற்கும் வரி மட்டுமே மலேசியாவின் சொந்தக் கை எழுதியது. அந்தக் கையும் உடன்பாட்டில் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் எழுதுவதற்கில்லை. ஆதலின், பெயரிடுவது உலகம், வகைப்படுத்துவது வட்டாரம், ஆணையிடுவது நாடு என்று சுருங்கக் கூறலாம்.

இங்கே ஐரோப்பாவை ஒப்புநோக்குதல் பயன் தரும். ஐரோப்பியச் சமூகம் 1968-இல் சுங்க ஒன்றியமாயிற்று. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒரே வரி விதிக்கும். பிற நாடுகளுடன் வாணிகம் பேச ஒரே வாய் உண்டு. மீறினால் தண்டிக்க நீதிமன்றம் உண்டு. ஆசியானுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. சட்டமியற்றும் நாடாளுமன்றமும் அதற்கு இல்லை. 2025-இல் அமெரிக்கா புதிய வரிகளை அறிவித்தபோது இவ்வேறுபாடு வெட்ட வெளிச்சமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட அளவின்படி சிங்கப்பூருக்கு 10 விழுக்காடு, மலேசியாவுக்கு 19, வியட்நாமுக்கு 20, லாவோசுக்கும் மியன்மாருக்கும் 40. ஒவ்வொரு நாடும் தனித்தனியே சென்று பேரம் பேசியது. அவ்வாண்டு ஆசியானுக்குத் தலைமை தாங்கிய மலேசியாவும் அதற்கு விலக்கன்று. உள்ளே ஒரு கூரை. வெளியே ஆளுக்கொரு வாசல். இதுவே ஆசியான் வீட்டின் அமைப்பு.

வாசல் பல இருப்பதாற் பிறப்பதே 'பிறப்பிட விதி'. சிங்கப்பூரில் மதுவகை சிலவற்றைத் தவிர வேறு இறக்குமதிக்குச் சுங்கவரி இல்லை. மலேசியாவிலோ பல பொருள்களுக்கு இன்றும் உண்டு. எனவே, ஜப்பானிய இயந்திரம் ஒன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வரியின்றி இறங்கி, 1924-இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து, ஆசியான் பொருள் என்ற பெயரில் மலேசியாவுக்குள் நுழைய முயலலாம். அதைத் தடுக்கும் பொருட்டு, வண்டி எங்கிருந்து வந்தது என்று கேளாமல் பொருள் எங்கே பிறந்தது என்று கேட்கிறது விதி. பொருளின் மதிப்பில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு ஆசியானுக்குள் உண்டாகியிருத்தல் வேண்டும். அல்லது, வெளியிலிருந்து வந்த மூலப்பொருள் சுங்கப் பட்டியலில் வேறொரு தலைப்புக்கு மாறும் அளவு உருமாறியிருத்தல் வேண்டும். இது பொது விதி. பொருள்கள் சிலவற்றுக்குத் தனி விதிகளும் உண்டு.

தம்போயில் எஃகு அலமாரி செய்யும் சிறு பட்டறை ஒன்று இருப்பதாகக் கொள்வோர்க்கு இவ்விதியின் பயனும் சிக்கலும் ஒருங்கே விளங்கும். தாய்லாந்துக்கு 100 ரிங்கிட்டுக்கு விற்கும் அலமாரியில் ஜப்பானியத் தகடும் பூட்டும் பிறவுமாக 65 ரிங்கிட் அடங்கியிருக்குமாயின், ஆசியான் பங்கு 35 விழுக்காடே. முதல் அளவையில் அது தோற்கும். ஆயினும், தகடாக வந்தது அலமாரியாக மாறியிருக்கிறது. சுங்கப் பட்டியலில் தகட்டின் தலைப்பு வேறு, அலமாரியின் தலைப்பு வேறு. இரண்டாம் அளவையில் அது வெல்லக்கூடும். வென்றதற்கு அடையாளம் 'டி' படிவம் எனப்படும் பிறப்பிடச் சான்று. மலேசியாவில் முதலீடு, வாணிகம், தொழில் அமைச்சு அதனை வழங்குகிறது. இரண்டாம் வழி உண்டென்று அறிந்தவன் வரியின்றி விற்பான். அறியாதவன் முதல் கணக்கிலேயே மனந்தளர்ந்து, தாய்லாந்து பிற நாட்டுப் பொருளுக்கு விதிக்கும் வரியை ஏற்றுக்கொள்வான். விதி அறிந்தவனுக்கு வழி, அறியாதவனுக்கு வரி.

இச்சான்றைப் பெறும் முறை எளிதாகி வருகிறது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 2018-இல் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளும் இப்படிவத்தை மின்வழியே பரிமாறத் தொடங்கின. 2020 செப்டம்பர் முதல், தகுதி பெற்ற ஏற்றுமதியாளர் தாமே பிறப்பிடத்தை உறுதிகூறும் முறையும் வந்தது. 200 அமெரிக்க வெள்ளிக்கு மேற்படாத சரக்குக்குச் சான்றே வேண்டுவதில்லை. இருந்தும், உறுப்பு நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வாணிகம் அவற்றின் மொத்த வாணிகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்ற அளவிலேயே பல்லாண்டுகளாக நிற்கிறது. வரி ஒழிந்தும் வாணிகம் அதற்கேற்ப வளராமைக்குக் காரணம் யாது?

விடை காண இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று அரிசி, மற்றொன்று சீருந்து.

அரிசியை மலேசியா உடன்பாட்டிலேயே விதிவிலக்காக வைத்தது. பிற பொருள்களுக்கு வரி இல்லையாக, ஆசியான் நாட்டு அரிசிக்கு 20 விழுக்காடு வரி என்று பட்டியலில் எழுதிக்கொண்டது. இறக்குமதி உரிமையோ 1996 முதல் பெர்னாஸ் என்னும் ஒரே நிறுவனத்திடம் உள்ளது; அவ்வுரிமை 2031 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கெடா, பெர்லிஸ் மாநிலங்களின் நெல் வேளாளரைக் காப்பது இதற்குக் கூறப்படும் நோக்கம். ஒரே நிறுவனத்திடம் அவ்வுரிமை இருத்தல் தகுமா என்பது பற்றி வாதம் இருக்கலாம். ஆனால் நோக்கம் பொய்யானதன்று. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் 1,70,000 டன் அரிசியை மலேசியாவுக்கு விதிவிலக்காக அனுப்ப இசைந்த பின்னரே சற்று ஆறுதல் கிட்டியது. அயலாரின் வயலை மட்டும் நம்பிய அடுப்பு அயலாரின் ஆணைக்கும் அடங்கவேண்டி வரும். எனவே இவ்விதிவிலக்கு வெளிப்படையானது; காரணம் கூறப்பட்டது; உடன்பட்ட நாடுகள் அனைத்தும் அறிந்து ஏற்றது.

சீருந்தின் கதை வேறு. 1983-இல் தொடங்கப்பெற்ற புரோட்டோன் நிறுவனத்தைக் காக்கும் பொருட்டு, சீருந்துகளின் மீதான வரிக்குறைப்பை 2005 வரை தள்ளிவைக்க மலேசியா 2000-இல் இசைவு பெற்றது. சீருந்துத் தொழிலில் முன்னணியில் நின்ற தாய்லாந்து அதற்கு ஈடு கேட்டது. பின்னர் ஆசியான் சீருந்துகளுக்கான இறக்குமதி வரி 2006-இல் 5 விழுக்காடாகவும் 2010-இல் சுழியமாகவும் குறைந்தது. உடன்பாட்டின் எழுத்து நிறைவேறிற்று. ஆனால் இறக்குமதி வரி இறங்கிய வேளையில் கலால் வரி ஏறிற்று; அதன் மேல்வரம்பு நூறு விழுக்காட்டையும் கடந்தது. கலால் வரி உள்நாட்டுச் சீருந்துக்கும் உரியதாதலின் பாகுபாடு இல்லை என்று வாதிக்கலாம். ஆயினும் உள்நாட்டு உதிரிப்பாகங்களை மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கு ஊக்கச் சலுகைகள் உண்டு. இறக்குமதிக்குத் தனி உரிமச் சீட்டும் வேண்டும். முன்வாசலில் திறந்த கதவைப் பின்கட்டில் சாத்தியதற்கு இது ஒப்பாகும்.

குறை இருக்கும் இடம் இதுவே. ஒரு நாடு தன் மக்களின் நலம் கருதி வட்டாரக் கொள்கையிலிருந்து விலகி நிற்பது குற்றமன்று. விலகி நிற்பதைச் சொல்லாமல், பின்பற்றுவதாகக் காட்டிக்கொள்வதே குற்றம். அரிசியில் மலேசியா வெளிப்படையாக விலகியது. சீருந்தில் சொல்லளவில் பின்பற்றியது. முன்னதை எதிர்த்து வாதிட இயலும்; பின்னதை எதிர்ப்பதற்குப் பிடி கிடைப்பதில்லை. இந்நோய் மலேசியாவுக்கு மட்டும் உரியதுமன்று. உறுப்பு நாடுகள் பலவும் வரியைக் குறைத்துவிட்டு உரிமம், தரச்சோதனை, ஆய்வுக் கட்டணம் என வேறு தடைகளை எழுப்பியுள்ளன. பெரு நிறுவனம் இவற்றைக் கடக்கத் தனி அலுவலரை அமர்த்திக்கொள்ளும். சிறு பட்டறைக்காரரால் அது இயலாது. மறைமுகத் தடை எப்போதும் எளியவன் மீதே முதலில் விழுகிறது.

தமிழாசிரியர்க்கு இச்செய்திகள் முற்றிலும் புதியன அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் சரக்குகளின் மேல் புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக உல்கு பொருளைத் திருவள்ளுவர் எண்ணுகிறார். முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். இவற்றினும் இங்கு நெருங்கிய சான்று சுமத்திராவின் பாருஸ் பகுதியில் லோபு துவா என்னுமிடத்துக் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகர் குழு, கப்பலில் வருவோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்திய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று அதில் விதித்தது. பல நாடுகளில் பரவியிருந்த ஒரு குழு, தான் ஏற்படுத்திய கட்டணத்தைத் தன்னவர்க்கே விதித்து, அதைக் கல்லில் வெட்டி, வருவோர் அனைவரும் காண நிறுத்தியது. பொது விதிக்கு வேண்டிய பண்பு இதுவே. முத்திரையின் சிறப்பு அதனைப் பொறிக்கும் கையின் வலிமையில் இல்லை. அது கூறுவதை எவரும் படித்தறிய முடிவதில் இருக்கிறது.

இன்று ஆசியானின் வரிப்பட்டியல்களும் பிறப்பிட விதிகளும் ஆங்கிலத்தில் உள்ளன. மலேசிய ஆணைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. சட்டம் அம்மொழிகளில் இருப்பது இயல்பே. ஆனால், தமிழில் கணக்கெழுதும் சிறு வணிகருக்கு அவற்றின் பொருளை எடுத்துரைக்கும் நூலோ கட்டுரையோ அருகியே காணப்படுகின்றன. கலால் வரிக்கும் சுங்கவரிக்கும் வேறுபாடு யாது, பிறப்பிடம் என்று சட்டம் எதனைக் குறிக்கிறது, உரிமச் சீட்டு எதற்கு என்பனவற்றைத் தெளிந்த தமிழில் மேல்வகுப்பு மாணவர்க்கு விளக்குவது இலக்கியப் பணிக்குப் புறம்பானதன்று. உல்கு என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்லும் ஆசிரியர், தம்போயிலிருந்து புறப்படும் வண்டியில் இருக்கும் சீட்டுக்கும் பொருள் சொல்லலாம்.

2025 அக்டோபரில் திமோர் லெஸ்தே சேர்ந்ததால் ஆசியான் பதினொரு நாடுகளின் கூட்டமைப்பாயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான உடன்பாட்டிலும் கையெழுத்திட்டன. உடன்பாடுகள் பெருகுவது நன்றே. ஆயினும், எத்தனை நாடுகள் கையெழுத்திட்டன என்பது ஓர் உடன்பாட்டின் அளவுகோல் ஆகாது. ஒரு சிறு பட்டறையின் சொந்தக்காரர் பிறர் துணையின்றி அதனைப் படித்து, தமக்கு உரியது இது, உரித்தல்லாதது இது என்று துணிய இயலுமா என்பதே அளவுகோல். அந்நிலை வரும்வரை, புத்ராஜெயா ஆசியானைப் பின்பற்றுகிறது என்று கூறுவது ஏட்டளவில் உண்மையாகவும் தம்போயின் தெருவில் ஐயத்துக்கு உரியதாகவும் இருக்கும்.