வெள்ளைப் பட்டை வீரர் எங்கே தோற்கிறார்?

பொன்னமராவதியைச் சுற்றியுள்ள ஊர்களில், திருவிழாவை ஒட்டி இரவு முழுவதும் விளக்கொளியில் நடைபெறும் கபடிப் பந்தயங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவர் எவரும், நம் இளைஞர்களின் தோளிலும் தொடையிலும் பிடியிலும் குடிகொண்டிருக்கும் பலத்தைக் குறித்து ஐயம் கொள்ளமாட்டார். அத்தகைய பலம் வாய்ந்த ஓர் இளைஞன், படிப்பின் நிமித்தமோ பிழைப்பின் நிமித்தமோ சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று, அங்கே பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் பிடிச்சண்டைக் கலையைச் சில மாதங்கள் பயின்று, தொடக்கநிலைக்குரிய வெள்ளைப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு முதன்முதலாகக் கோதாவில் இறங்குவானாயின், அவன் தோற்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று நான் சொன்னால் சிலர் வியப்படையலாம். அந்தத் தோல்வி பலக்குறைவால் நேர்வதன்று. உள்ள பலத்தை எப்பொழுது, எவ்வளவு செலவிடுவது என்னும் நிதானம் கைவராமையால் நேர்வது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ நிறுவிய கோடோகான் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா, தேசதேசாந்தரங்களில் மல்லர்களோடு பொருதுவிட்டு, 1914இல் பிரேசிலை அடைந்தார். பெலேம் நகரில் அவரிடம் பாடம் கேட்ட கார்லோஸ் கிரேசியும், அவருடைய தம்பி ஹீலியோவும், மெலிந்த தேகத்தினன் தன்னினும் பருத்தவனைத் தரையில் கிடத்தி மடக்குவதற்குரிய யுக்திகளைப் பிரதானமாக வளர்த்தெடுத்ததன் பலனே இன்றுள்ள பிரேசிலிய முறை. 1996 முதல் அதற்கென உலகப் போட்டி நடைபெறுகிறது. தரைப்பிடியைச் சார்ந்த ஜியு-ஜிட்சுப் போட்டி 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் இடம்பெற்றது. 2023இல் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு நடந்தபோது கபடியில் ஆடவர், மகளிர் ஆகிய இரு தங்கங்களையும் வென்ற நம் நாடு, ஜியு-ஜிட்சுவில் ஒரு பதக்கமும் இன்றித் திரும்பியது. பிடியும் பலமும் இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவாயிருக்க, பலன் மட்டும் இவ்வளவு வேறுபடுவானேன் என்று ஆராய்வது அவசியம்.

முதலில் விதிகளைக் கவனிப்போம். சர்வதேசப் பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனத்தின் முறைப்படி, வயது வந்த வெள்ளைப் பட்டை வீரர்களுக்கு ஒரு மோதலின் காலம் 5 நிமிடம். நின்ற நிலையிலிருந்து எதிராளியை வீழ்த்தினால் 2 புள்ளி; கீழே கிடந்தபடியே அவனைப் புரட்டி மேலேறினால் 2; முழங்காலை அவன் வயிற்றில் ஊன்றி அடக்கினால் 2; அவனுடைய கால்கள் இட்ட காவலைக் கடந்து பக்கவாட்டில் அமுக்கினால் 3; மார்பின்மேல் ஏறி அமர்ந்தாலும், முதுகைக் கைப்பற்றிக் கால்களை உள்ளே கொளுவினாலும் 4. எந்த நிலையானாலும் 3 விநாடி நிலைத்தால்தான் கணக்கில் சேரும். கைப்பூட்டிலோ கழுத்துப்பிடியிலோ அகப்பட்டவன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டால், புள்ளிகள் எவ்வாறிருப்பினும் ஆட்டம் அந்தக் கணமே முடிந்துவிடும். வீழ்த்துவதற்குக் குறைந்த புள்ளியும், வீழ்த்தியபின் அடங்கி நின்று ஆளுவதற்கு மிகுந்த புள்ளியும் விதிக்கப்பட்டிருப்பதை ஊன்றிப் பார்ப்பவருக்கு, இந்த விளையாட்டு எந்தக் குணத்தைப் போற்றுகிறது என்பது தானே விளங்கும்.

கபடியில் பாடிச் செல்பவருக்கு 30 விநாடிதான் அவகாசம். அதற்குள் பாய்வதும் தொடுவதும் திமிறுவதும் முடிந்துவிடும்; பிறகு மூச்சு வாங்கிக்கொள்ள இடமுண்டு. அந்தப் பழக்கத்தோடு ஜியு-ஜிட்சு மெத்தையில் ஏறுகிற இளைஞன், நடுவர் கை அசைத்த மாத்திரத்தில் எதிராளியின் அங்கிக் கழுத்துப்பட்டியை இரு கைகளாலும் இறுகப் பற்றி, தன் வலிமை முழுவதையும் முதல் நிமிடத்திலேயே கொட்டிவிடுகிறான். பார்ப்பதற்கு அந்த நிமிடம் அவனுடையதாகவே தோன்றும். ஆனால் அவனுடைய முன்கைகளை அப்பொழுது அருகிருந்து நோக்கினால், நரம்புகள் புடைத்து, தசை கல்லாய் இறுகி, விரல்கள் துணியை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நடுங்குவதைக் காணலாம். கபடியில் பாட்டே மூச்சை ஒழுங்காக வெளியேற்றிக்கொடுக்கும். இங்கே பாட்டில்லாமையால் பல்லைக் கடித்து மூச்சை உள்ளேயே அடக்கிக்கொள்கிறான். மூன்றாம் நிமிடத்தில் எதிராளியின் கை தன் கழுத்தை நாடி வரும்போது, அதை விலக்க வேண்டிய விரல்கள் மடங்க மறுக்கின்றன. ஆட்டம் அங்கேயே தோற்றுப்போகிறது.

குஸ்தி பயின்ற பிள்ளைகளுக்கு நேரும் பிழை வேறு வகையானது. குஸ்தியில் இரு தோள்களும் தரையில் பட்டால் தோல்வி. ஆகவே கீழே விழுந்தவன் முதுகு படாமல் குப்புறத் திரும்பிக்கொள்வது அவனுக்குச் சுபாவமாகிவிடுகிறது. ஜியு-ஜிட்சுவிலோ மல்லாந்து கிடப்பது தோல்வியாகாது. மல்லாந்தவன் தன் இரு கால்களால் எதிராளியின் இடுப்பை வளைத்து, அவனை நெருங்கவும் விடாமல் விலகவும் விடாமல் நிறுத்துவதே இக்கலையின் மூலாதாரம். குப்புறத் திரும்புகிறவன் தன் முதுகைத் தானே ஒப்படைத்து, 4 புள்ளிகளையும் சில விநாடிகளில் கழுத்தையும் இழக்கிறான். பழைய வித்தை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. விழும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்னும் ஒன்றை மட்டுமேனும் பந்தயத்துக்கு முன் பல நூறு தடவை புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

நிதானம் நம் மண்ணுக்குப் புதிய சரக்கன்று. உறையூர்ச் சோழனாகிய தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்ற காட்சியைப் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் வரைந்திருக்கிறார். ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவன் செய்ய வரும் தந்திரத்தைத் தடுத்துப் பின்புறமாக வளைத்து நின்றான் என்று அப்புலவர் கால்களின் தொழிலைத் தனித்தனியே பிரித்துக் காட்டுவது, இன்றைய நடுவர் புள்ளியிடுவதற்குப் பார்க்கும் பார்வையை ஒத்திருக்கிறது. ஒரு கால் அடக்குகிறது, ஒரு கால் காக்கிறது. இரண்டும் ஒருங்கே தாக்கவில்லை. நம் காலத்தில் தஞ்சை மாவட்டம் தந்த தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைக் கடந்த பிறகும் புரோ கபடியில் மூலைத் தடுப்பாளராக நிலைத்து, 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையையும் வென்றார். பாடி வருபவனின் கால் தன் எல்லைக்குள் வரும்வரை பொறுத்திருந்து கணுக்காலைக் கவ்வும் அந்த மூலைத் தடுப்பாளரின் பொறுமையே வெள்ளைப் பட்டை வீரனுக்கும் வேண்டுவது.

இனி, ஒப்புக்கொள்ளுதலைப் பற்றி ஒரு வார்த்தை. 1951 அக்டோபர் 23 அன்று, ரியோவின் மரக்கானா அரங்கில், ஹீலியோ கிரேசி தன்னினும் எடை மிகுந்த ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவை எதிர்த்தார். கிமுரா அவருடைய கையைப் பின்புறமாக முறுக்கிப் பூட்டியபோது எலும்பு முறிந்தும் ஹீலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். தோற்ற தரப்பாரே அந்தப் பூட்டுக்கு வென்றவரின் பெயரைச் சூட்டி இன்றளவும் கற்பித்து வருவது, பகைவனின் வித்தைக்குச் செலுத்தும் உயர்ந்த மரியாதை. ஆயினும் ஹீலியோவின் பிடிவாதத்தைத் தொடக்கநிலை மாணவன் கைக்கொள்ளலாகாது. தட்டியவன் மறுவாரமே பயிற்சிக்குத் திரும்பி, தான் அகப்பட்ட இடத்தை ஆசானிடம் கேட்டுத் தெளியலாம். மானத்துக்கு அஞ்சித் தட்டாதவன் முழங்கை மூட்டைப் பறிகொடுத்து மாதக்கணக்கில் வீட்டில் கிடக்க நேரிடும்.

பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சிலவுண்டு. எடை, அங்கியுடன் சேர்த்தே பார்க்கப்படும். 70 கிலோப் பிரிவில் நிற்க விரும்புகிறவன், அங்கியின் எடைக்கென ஏறத்தாழ இரண்டு கிலோவையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வரம்பை மீறினால் மோதாமலே வெளியேற்றப்படுவான். குதிகாலைத் திருகும் பூட்டும், மணிக்கட்டுப் பூட்டும், எதிராளியைத் தூக்கித் தரையில் அறைவதும் வெள்ளைப் பட்டையினருக்கு விலக்கு. பெரிய போட்டிகள் பெரும்பாலும் ஒருமுறை தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பதால், பல மணி நேரப் பிரயாணத்துக்குக் கிடைப்பது ஐந்தே நிமிடமாகவும் இருக்கலாம். ஆகையால் பல வித்தைகளைச் சுமந்து செல்லாமல், வீழ்த்த ஒன்று, கீழிருந்து புரட்ட ஒன்று, மேலிருந்து பூட்ட ஒன்று என்று மூன்றை மட்டும் தேர்ந்து பழகுவதே உத்தமம். ஆட்டம் முடிந்தபின் பதக்கத்தைக் கேட்பதற்கு முன், மூச்சு கடைசிவரை தன் வசமிருந்ததா, அந்த மூன்றில் ஒன்றையேனும் முயன்றோமா, பெற்ற நிலையை 3 விநாடி காத்தோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கலையை நகரத்துக்குச் சென்றுதான் கற்க வேண்டும் என்ற நிலை நீடிக்க வேண்டியதில்லை. கபடிக்கு விரிக்கும் மெத்தை சில ஊர்களிலேனும் இருக்கிறது. பள்ளி விளையாட்டுகளில் ஜூடோ இருக்கிறது. பிடியும் பூட்டும் அறிந்த சிலம்ப வாத்தியார்களும் நம்மிடையே உள்ளனர். இவர்களை ஓரிடத்தில் கூட்டி, வாரத்தில் இரண்டு மாலைகளிலேனும் தரைப்பிடியை முறையாகக் கற்பிக்க விளையாட்டுத் துறையினர் ஏற்பாடு செய்வார்களாயின், அது பெரும் பொருட்செலவைக் கோராது. பலம் இங்கே விளைந்து கிடக்கிறது. அதை ஐந்து நிமிடத்துக்குப் பங்கிட்டுச் செலவிடக் கற்பிக்கும் ஓர் ஆசான் வாய்த்தால், முதல் சுற்றோடு திரும்புகிறவர்களின் வரிசையில் பொன்னமராவதிப் பிள்ளைகள் நெடுநாள் நிற்கமாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.