திரிலோக் குர்து: டிரம்மரா, பெர்கஷனிஸ்டா?

அமெரிக்காவின் டவுன்பீட் இதழ் ஆண்டுதோறும் நடத்தும் விமர்சகர் வாக்கெடுப்பில் திரிலோக் குர்து பல முறை முதலிடம் பிடித்திருக்கிறார். 'பெர்கஷன்' பிரிவில். டிரம்ஸ் அங்கே தனிப் பிரிவு. இதில் என்ன இருக்குன்னு தோணலாம். ஜாஸில் காலத்தைத் தாங்கிப் பிடிப்பவர் டிரம்மர்; அதன் மேல் வண்ணம் சேர்ப்பவர் பெர்கஷனிஸ்ட். நம்ம கச்சேரிக் கணக்கில் பக்கவாத்தியம், உபபக்கவாத்தியம் என்ற வித்தியாசம் மாதிரி. குர்துவை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தது சரிதானா?

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 1951இல் மும்பையில் பிறந்தவர். அம்மா ஷோபா குர்து, பெயர்பெற்ற தும்ரி பாடகி. சின்ன வயசிலேயே தபலா. எழுபதுகளில் டிரம்பெட் கலைஞர் டான் செர்ரியோடு வாசித்தார். 1984இல் ஆரிகன் குழுவின் காலின் வால்காட் சாலை விபத்தில் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தார். 1988இல் 'உஸ்ஃப்ரெட்' ஆல்பம். அதில் அம்மாவே பாடியிருக்கிறார்.

அப்புறம்தான் ஜான் மெக்லாலினின் மூவர் குழு. எழுபதுகளில் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்தாரே, அதே கிதார்காரர். 1989 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இந்த மூவர் வாசித்தது ஆல்பமாகக் கிடைக்கிறது. கிதார், கை எக்கார்ட்டின் பேஸ், குர்து. அவ்வளவுதான். வண்ணம் பூச மட்டும் ஒருவர் என்றால் இந்தக் குழு நிற்கவே நிற்காது. 'மதர் டங்ஸ்' உருப்படியைக் கேட்டுப் பாருங்க. காலக் கணக்கு முழுக்க அவர் கையில்.

அவர் உட்காரும் விதமே வேறு. ஸ்டூல் கிடையாது, தரையில் அரை மண்டி. பக்கத்திலேயே தபலா. மேற்கத்திய டிரம் செட்டைத் தபலாவின் உயரத்துக்கு இறக்கிவிட்டார். அதனால் குச்சியிலிருந்து விரலுக்கு ஒரே ஆவர்த்தனத்துக்குள் மாற முடிகிறது. தண்ணீர் வாளியும் உண்டு: தட்டிய உலோகத் தகட்டை அதில் மெல்ல இறக்கினால் ஒலி வழுக்கிக்கொண்டு கீழே போகும். பார்க்கிறவர்கள் இந்த வாளியைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சரக்கு அங்கே இல்லை, சொற்கட்டில் இருக்கிறது. வாயால் சொல்ல முடிந்ததை டிரம்ஸில் வாசிப்பது, ஒரு சொல்லை மும்முறை அடுக்கிச் சமத்தில் வந்து விழுவது. மோரா கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

குறையும் சொல்லணும். 1993இன் 'கிரேஸி செயின்ட்ஸ்' ஆல்பத்தில் ஜோ ஜாவினுல், பாட் மெத்தீனி என்று பெரிய விருந்தாளிகள். என் காதுக்கு, அங்கே விருந்தாளி வீட்டுக்குக் குர்து விருந்துக்குப் போன மாதிரி இருக்கு. பாட்டு அவர்களுடையதாகிவிடுகிறது, இவர் அலங்காரம் செய்கிறார். அதாவது, விமர்சகர்கள் ஒட்டிய சீட்டுக்கு ஏற்றபடி அவரே வாசிக்கிறார். மூவர் குழுவில் இருந்த சிக்கனம் அதில் இல்லை.

இந்தச் சீட்டு ஒட்டும் பழக்கம் நமக்கும் உண்டு. எங்க தேவர்சோலை, கூடலூர் பக்கம் பணியர்களின் துடியும் குழலும் மேடை ஏறினால் 'பழங்குடி நடனம்' என்றுதான் பெயர். துடி நின்றால் ஆட்டம் நின்றுபோகும். ஆனாலும் துடிக்காரர் பின்னணிதான். அவர் வாசிப்பை ஒரு வாசிப்பாக எடுத்து, எது நல்லா இருந்தது, எது சறுக்கியது என்று யாரும் பேசுவதில்லை. 'வண்ணமயம்' என்று பாராட்டிவிட்டால் கூர்ந்து கேட்கும் வேலை மிச்சம்.

என் முடிவு இது: 1989இன் குர்து முழு டிரம்மர், சந்தேகமே வேண்டாம். கேட்கத் தொடங்குகிறவர்கள் அந்த லண்டன் கச்சேரியிலிருந்து தொடங்குங்க. வீடியோ வேண்டாம், ஒலி மட்டும். வாளி கண்ணில் படாமல் இருந்தால்தான் தாளம் காதில் விழும்.