மன்னிப்புக் கேட்காத இளவரசி

ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, சாரா ஜே. மாஸ் எழுதிய 'கேட்வுமன்: சோல்ஸ்டீலர்' நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படித்து முடித்தேன். தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஏற வேண்டிய பழனி வண்டிகள் இரண்டைக் கண்ணெதிரே போகவிட்டேன். ஒரு திருடியின் கதை இப்படிப் பிடித்து உட்காரவைத்துப் பல வருடம் ஆகிறது.

2018இல் இளையோருக்காக வந்த நாவல் இது. காதம் நகரத்தின் ஏழைத் தெருக்களில் வளரும் செலினா கைல், நோயாளித் தங்கை மேகியைக் காப்பாற்றச் சண்டை மேடை ஏறுகிறாள். கொலையாளிகளின் சங்கம் ஒன்று அவளைக் கொண்டுபோய்ப் பயிற்சி தருகிறது. சில வருடம் கழித்துப் பணக்காரச் சீமாட்டி வேடத்தில் அதே ஊருக்குத் திரும்பி, விருந்துகளில் சிரித்துக்கொண்டே நகைகளைக் களவாடுகிறாள். ஹார்லி குவினும் பாய்சன் ஐவியும் கூட்டாளிகள். பேட்மேன் ஊரில் இல்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. காவலன் இல்லாத ஊரில் மூன்று பெண்கள் தங்களுக்குள் நம்பவும் ஏமாற்றவும் செய்கிற பக்கங்களில்தான் நாவலின் உயிர் இருக்கிறது.

ஒரு குறை உண்டு. செலினாவின் களவுக்கெல்லாம் அடியில் தங்கையின் நோய் வந்து நின்றுவிடுகிறது. 1940இல் 'பேட்மேன்' முதல் இதழில் அறிமுகமான பூனைத் திருடிக்கு இப்படி ஒரு காரணம் தேவைப்படவில்லை. நகை வேண்டும், எடுத்தாள். இளையோர் நாவலாகும்போது மட்டும் பாவத்துக்கு முன்கூட்டியே பரிகாரம் செய்துவிடுகிறார்கள். பதினாறு வயது வாசகி அந்தச் சலுகையைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் கேட்டதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். சிவகாசியிலிருந்து 1984 ஜூலையில் வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'. குழந்தைகளுக்கான புதிய பத்திரிகை ஒன்று, முன்னாள் குற்றக் கும்பல் தலைவியைக் கதாநாயகியாக்கிக் கணக்கைத் தொடங்கியிருக்கிறது! அதற்கு முன்பே, 1972இல், முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்திருந்தது. அவனும் ஆரம்பத்தில் யோக்கியன் அல்ல. பின்னால் லயனில் வந்த ஸ்பைடரோ குற்றவுலகின் சக்கரவர்த்தியாகவே ஆசைப்பட்டவன். நம் சிறுவர்கள் கெட்டவர்களோடு பழகித்தான் படக்கதை படித்தார்கள்.

மாடஸ்டி ப்ளைஸியைப் படைத்தவர்கள் எழுத்தாளர் பீட்டர் ஓடொன்னலும் ஓவியர் ஜிம் ஹோல்டவேயும். 1963 மே மாதம் லண்டனின் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் தொடங்கிய தொடர், 2001 வரை ஓடியது. போர்க்காலத்தில், 1942இல், பாரசீகத்தின் வடபகுதியில் ராணுவப் பணியில் இருந்தபோது தனியாக நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமியை ஓடொன்னல் பார்த்தார். பசியிலும் தலை நிமிர்ந்திருந்த அந்தப் பிள்ளைதான் இருபது வருடம் கழித்து மாடஸ்டி ஆனாள். நாடில்லை, பெற்றோரில்லை, பெயர்கூட இல்லை. முகாமில் பழகிய ஒரு முதிய பேராசிரியர் பெயரும் படிப்பும் தருகிறார். பின்பு டாஞ்சியரில் ஒரு கும்பலைக் கைப்பற்றி உலகளாவிய குற்ற வலையாக வளர்க்கிறாள். இருபதுகளின் நடுவிலேயே போதுமென்று ஓய்வு பெறுகிறாள். ஓய்வு சலித்துப்போகிறது, அதனால்தான் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உதவப் போகிறாள். திருந்திவிட்டதாக அவள் சொல்லிக்கொள்வதே இல்லை. கத்தி வீசுவதில் மன்னனான வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்று அழைப்பான். காதலன் அல்ல, அடிமையும் அல்ல. ஆணும் பெண்ணும் இப்படியொரு தோழமையில் இருக்க முடியும் என்பதைப் பலர் முதன்முதலில் அந்தச் சாணித்தாள் புத்தகங்களில்தான் பார்த்திருப்பார்கள்.

இவள் இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்குக் குண்டலகேசியை நினைவூட்ட வேண்டும். நாதகுத்தனாரின் காப்பியம் பெரும்பாலும் அழிந்துவிட்டது, கதை அழியவில்லை. மரண தண்டனையிலிருந்து மீண்ட கள்வன் ஒருவனை வணிகர் மகள் மணக்கிறாள். அவன் தன்னைக் கொல்லவே மலையுச்சிக்கு அழைத்துவந்தான் என்று தெரிந்ததும், வலம்வர வேண்டும் என்று சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். பிறகு துறவியாகி ஊர் ஊராகச் சென்று வாதம் செய்கிறாள். 1950இல் வந்த 'மந்திரி குமாரி' படத்துக்கும் இந்த மலையுச்சிதான் வித்து. அதே 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' நந்தினியைத் தந்தது. குந்தவையை மதித்துக்கொண்டே நந்தினி வரும் அத்தியாயத்துக்காகக் காத்திருந்த வாசகர்கள் எத்தனையோ பேர்.

இன்றைய தமிழ் இளையோர் நூல்களில் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பாலியல் சீண்டலுக்கு உள்ளாகும் குழந்தையைப் பற்றிப் பேசத் துணிந்த, அவசியமான புத்தகம். ஆனால் நான் வாசித்த தமிழ் இளையோர் கதைகளில் பெண்பிள்ளைகள் காக்கப்பட வேண்டியவர்களாகவோ முன்மாதிரிகளாகவோதான் வருகிறார்கள். கையில் அழுக்கு ஒட்டிய ஒருத்தியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு ஊர் தேட வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து விருப்பாட்சியில்தான், 1772இல் கணவரையும் சீமையையும் இழந்த வேலு நாச்சியார் கோபால நாயக்கரின் ஆதரவில் தஞ்சமிருந்து, 1780இல் சிவகங்கையை மீட்கப் புறப்பட்டார். அடைக்கலம் தேடிவந்த பெண்கள் அடுத்த வேலைக்குத் திட்டம் போட்ட மலையடிவாரம் இது. இன்றைக்கென்றால், சந்தையில் எடை போடும் இடத்தில் கணக்கை மாற்றத் தெரிந்த பதினேழு வயதுப் பெண்ணாக அவளை எழுதலாம். ராத்திரி லாரியில் ஏறி மலைக்கு அந்தப்பக்கம் போய்விடுவாள். ஏன் அப்படிச் செய்தாள் என்பதை மட்டும் முதல் அத்தியாயத்திலேயே எனக்குச் சொல்லிவிடக் கூடாது.