சொல்லாமல் விடும் கலை

உவமை, உருவகம், பிறிது மொழிதல், உள்ளுறை, இறைச்சி ஆகியவற்றைத் தனித்தனி வரையறைகளாக மனப்பாடம் செய்வது வழக்கம். கவிஞன் எவ்வளவு சொல்கிறான், எவ்வளவைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறான் என்று பார்த்தால், இவை ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்வது தெரியும்.

எல்லாவற்றுக்கும் தாய் உவமை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஏழாவதான உவமவியல் முழுக்க இதைப் பற்றியது. வினை, பயன், மெய், உரு என்ற நான்கில் ஒன்றைப் பற்றியே ஒப்புமை பிறக்கும் என்று அது வகுக்கிறது. புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மழைபோல வழங்கும் கை என்பது பயன். துடி போன்ற இடை என்பது வடிவம் பற்றிய மெய். பொன் போன்ற மேனி என்பது நிறம் பற்றிய உரு. இங்கே பொருளும் உவமையும் எதிரெதிரே நிற்க, நடுவில் ‘போல’ என்ற உருபு இரண்டையும் இணைக்கிறது. படிப்பவருக்கு வேலை குறைவு.

அந்த உருபு மறைந்து, இரண்டு செய்திகள் அடுத்தடுத்து நின்றால் அது எடுத்துக்காட்டு உவமை. திருக்குறளின் முதற்குறளே இதற்குச் சான்று. எழுத்துகளுக்கு அகரம் முதல் என்பது ஒரு செய்தி, உலகுக்கு இறைவன் முதல் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்ப்பது படிப்பவர் மனம். உருவகத்தில் வேற்றுமையே போய்விடுகிறது. மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். இணையான இரண்டில் ஒன்றை மட்டும் உருவகித்து மற்றதை விட்டுவிடுவது ஏகதேச உருவகம். பத்தாம் குறள் பிறவியைக் கடலாக்குகிறது, இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. அந்தத் தெப்பத்தைப் படிப்பவரே செய்துகொள்கிறார்.

பிறிது மொழிதலில் சொல்லவந்த பொருளே மறைந்துவிடும். மயிலிறகுதான் என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது 475ஆம் குறள். அரசனோ பகைவரோ அதில் இல்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் அது நிற்பதால்தான், எளிய பகைவரும் பலராகச் சேர்ந்தால் வலியவனை வீழ்த்துவர் என்ற பொருள் கிடைக்கிறது. 35 பொருளணிகளை விளக்கும் தண்டியலங்காரம் இதை ஒட்டணி என்ற பெயரில் பேசுகிறது.

தற்குறிப்பேற்றம் இந்த வரிசையில் சேராது. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றுவது அது. ஆயினும் அதைச் சொல்லாமல் கடக்க மனம் வராது. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள்போல வையை பூவாடை போர்த்துக் கண்ணீரை மறைக்கிறாள். மதிற்கொடிகள் வரவேண்டாம் என்று கை காட்டுகின்றன. பூ மிதப்பதும் கொடி அசைவதும் அன்றாடம் நடப்பவை. நடக்கப்போவது கேட்பவர்களுக்குத் தெரியும், நடந்துசெல்லும் இருவருக்கும் தெரியாது என்பதால்தான் அந்தக் காட்சி இத்தனை கனக்கிறது.

வரிசையில் அடுத்த படி உள்ளுறை. தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். அந்த இரண்டையும் ஒரே பாட்டில் பார்க்க ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை எட்டாம் பாட்டு போதும். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட காதற்பரத்தை, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். இவள் வீட்டில் பெருமை பேசிய தலைவன், அவன் வீட்டில், பிறர் கை கால் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவைபோல மகனின் தாய் சொன்னபடி ஆடுகிறான் என்கிறாள். இது வெளிப்படையான உவமை, அதாவது ஏனை உவமம். தைக்கவேண்டும் என்றே எறிந்தது. அவன் ஊரைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தணிகிறது: வயலோர மாமரத்திலிருந்து முதிர்ந்து விழும் கனியைக் குளத்து வாளை மீன் கவ்வும் ஊர். மேலோட்டமாக இது மருதநில வருணனை. ஆனால் மீன் மரமேறவில்லை, கனி தானாகவே விழுந்தது. நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனே வந்தான் என்பது அவள் வாதம். வாய்விட்டுச் சொன்னால் சண்டையாகிவிடும் செய்தி, ஊர்ப்பெயருக்கு அடைமொழியாக வந்து தப்பித்துக்கொள்கிறது. உள்ளுறைக்கு, நிலத்துக்குரிய மரம், மீன், தெய்வம் முதலிய கருப்பொருள்களே நிலைக்களம். அவற்றிலும் தெய்வத்தை விலக்கவேண்டும் என்பது விதி.

இறைச்சி இன்னும் நுட்பமானது. உள்ளுறையில் கனி இவன், மீன் இவள் என்று பொருத்திக்காட்ட முடியும். இறைச்சியில் அந்தப் பொருத்தம் தேவையில்லை. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாட்டில், பிரிந்தவனை எண்ணி வருந்தும் தலைவியிடம் தோழி, அவன் போகும் வழியில் களிறு தன் பிடியின் பசி தீர்க்க யாமரத்தை உரிக்கும் என்கிறாள். களிற்றைக் கண்டவன் மனம் இளகித் திரும்புவான் என்பது காட்சிக்கு வெளியே பிறக்கும் ஆறுதல். தலைவி வருந்தும்போது இப்படி அன்பைக் காட்டும் இறைச்சி அவளை ஆற்றுவிக்கும் என்று தொல்காப்பியத்தின் பொருளியல் தனி நூற்பாவே வகுக்கிறது.

இவற்றைப் பழக விரும்புபவர் அணி நூல்களுக்கு முன் குறுந்தொகையைத் திறக்கலாம். உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு இதற்கு நல்ல துணை. உரையைப் பார்க்குமுன் பாட்டை இருமுறை படித்து, அந்த மரமும் மீனும் யானையும் அங்கே ஏன் வந்தன என்று கேட்டுப் பாருங்கள்.