302 செல்களின் கணக்கு

அழுகும் பழத்திலும் மக்கும் தண்டிலும் பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். இருபால் புழுவுக்கு நரம்பு செல்கள் மொத்தமே 302. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-இல் வெளியானது.

அந்தச் சின்ன உடம்புக்குள் நடக்கும் பேரம் அபாரமானது. வெண்ணெய் மணமுள்ள டையசெட்டைல் புழுவுக்குச் சாப்பாட்டின் அறிகுறி. அதை முகர ஏடபிள்யூஏ என்ற ஒரு ஜோடி செல்கள். அடர்ந்த சர்க்கரைக் கரைசலோ உடலின் நீரை உறிஞ்சிக் கொன்றுவிடும். அந்த ஆபத்தை உணர ஏஎஸ்எச் என்ற இன்னொரு ஜோடி.

மணத்துக்கும் புழுவுக்கும் நடுவே கரைசலை வளையமாக இட்டுப் பார்த்திருக்கிறார்கள். வயிறு நிறைந்த புழு பெரும்பாலும் விளிம்பிலேயே பின்வாங்குகிறது. சில மணி நேரம் பட்டினி கிடந்தது துணிந்து கடக்கிறது. ஆர்ஐஎம் என்ற நரம்பு செல்கள் சுரக்கும் டைரமின் என்ற வேதிப்பொருள் அபாய உணர்வைக் கூர்மையாக்கும். பசி வந்தால் அந்தச் சமிக்ஞை தளர்ந்துவிடும்.

மணம், ஆபத்து, பசி மூன்றையும் சேர்த்து எடைபோட்டு முடிவெடுக்கப் பெரிய மூளை தேவையில்லை. இயற்கையின் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல சான்று அரிது.