உவமையில் பிறந்த சொல்

ஸ்பானிய மொழியில் 'சொல்' என்பதற்குப் பெயர் 'பலாப்ரா'. இதன் வேர் 'பரபொலே' என்னும் கிரேக்கச் சொல்லாகும். ஒன்றன் அருகே மற்றொன்றை இட்டு ஒப்புநோக்குதல் என்பது அதன் பொருள். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் ஆண்டவரின் உவமைகளை இப்பெயராலேயே குறித்தனர்.

இலத்தீனில் இது 'பராபொலா' ஆயிற்று. பின்னர் மக்கள் வழக்கில் பேச்சையும் சொல்லையும் குறிக்கலாயிற்று. 'வெர்பும்' என்னும் பழஞ்சொல் இறைவாக்குக்கே உரியதாகிவிட்டமையே இதற்குக் காரணம் என்பர் ஆய்வாளர் சிலர். ஸ்பெயினில் ரகரமும் லகரமும் இடம் மாறிப் 'பலாப்ரா' பிறந்தது. உவமையைக் குறிக்கும் 'பராபோலா' கற்றோர் வழியாக அங்கு நிலைத்தது. ஆங்கிலத்தில் உவமையாகிய 'பாரபிள்', வாக்குறுதியில் விடுவிக்கும் 'பரோல்', பேசும் மன்றமாகிய 'பார்லிமென்ட்' ஆகியன இதன் உறவினர். 'வேர்ட்' மட்டும் ஜெர்மானியக் குடும்பத்தது.

இனி, யோவான் நற்செய்தியின் முதல் வசனத்திலுள்ள 'லோகோஸ்' என்பதை ஸ்பானியர் எவ்வாறு பெயர்த்தனர்? சீர்திருத்த சபையினரான கசியோதோரோ தெ ரெய்னா 1569-இல் 'பலாப்ரா' என்றார். அவர் வழிவந்த 1909, 1960-ஆம் ஆண்டுப் பதிப்புகளோ 'வெர்போ' என மாற்றின. கத்தோலிக்கரின் நாக்கார்–கொலுங்கா மொழிபெயர்ப்பும் 1944-இல் 'வெர்போ' என்றது. எருசலேம் விவிலியம் 1967-இல் 'பலாப்ரா'வை ஏற்றது.

இரண்டில் எது சிறந்தது? 'வெர்போ' வழிபாட்டு மரபின் மாண்புடையது. ஆண்பாற்சொல்லாதலால் மனுவுருவான மகனுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஆயினும் பள்ளி மாணவனுக்கு அது இலக்கணத்தின் வினைச்சொல். 'பலாப்ரா' பெண்பாற்சொல், ஆனால் தாய் மகனோடு பேசுவதும், நண்பன் நண்பனுக்கு வாக்களிப்பதும் அச்சொல்லால்தான்.

உவமையில் பிறந்த சொல்லாதலின் 'பலாப்ரா'வே உயர்ந்தது என வாதிடுவோர் உண்டாயின், அவர்க்கு ஒரு தடை உண்டு. யோவான் நற்செய்தியில் 'பரபொலே' ஓரிடத்தும் இல்லை. அவர் ஆள்வது 'பரொய்மியா' என்னும் வேறு சொல். வேரைக் கொண்டு மறைபொருளை நாட்டுதல் முறையன்று. சொல்லின் பொருளை அதன் பிறப்பு தீர்மானிப்பதில்லை. வழங்கும் மக்களே தீர்மானிக்கின்றனர்.

எனினும் என் தேர்வு 'பலாப்ரா'வே. நம்மிடையே குடிகொண்டவருக்கு நம் வீட்டில் வழங்கும் சொல்லே தகும். விதையையும் புளிப்புமாவையும் காட்டிப் பேசியவரின் உவமை, அச்சொல்லுக்குள் யாரும் எண்ணிப் பாராமலே உறைந்து கிடப்பது நமக்கு மேலும் ஒரு மகிழ்ச்சி, அது சான்றன்று.